உலகம் பார்க்கும் துணிக்கொடி

பின்லாந்தில் துணி காய்வதை யாரும் பார்ப்பதில்லை. தம்பெரே நகரத்தில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் ஒரு ‘பெசுதுபா’ இருக்கிறது. சலவை அறை என்று பொருள். சுவரில் நாளும் மணியும் எழுதிய பலகையில் நம் வீட்டுப் பூட்டை மாட்டி நேரம் பிடித்துக்கொள்ள வேண்டும். துவைத்ததைப் பக்கத்து அறையில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினால் ஒரு பெரிய விசிறி உறுமி உறுமிக் காயவைத்துவிடும். வெயில் கிடையாது, காக்கை கிடையாது. எடுத்து முகர்ந்தால் துணியில் ஒரு வாசமும் இருக்காது. வந்த புதிதில் அங்கேதான் எதிர்வீட்டு இர்மா அம்மாளைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் “மொய்” என்றார். கல்யாண வீட்டில் எழுதுகிற மொய்யைத் தவிர வேறெதுவும் அறியாத நான், ஈரத் துண்டும் கையுமாக விழித்தேன். அது வணக்கம் என்று என் கணவர் செந்தில் பிறகு சொன்னார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் இர்மா என்னிடம் வெகுகாலம் எதுவும் பேசவில்லை. இங்கே அதற்குப் பெயர் மரியாதை.

ஊரில் நான் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பிளெக்ஸ் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். காதணி விழா, கடை திறப்பு விழா என்று எதுவானாலும் தாய்மாமன்களின் முகத்தைச் சிவப்பாக்கி, வழுக்கையில் முடி முளைக்கவைத்து, பின்னால் இரண்டு சிங்கங்களை நிறுத்திக் கொடுப்பேன். தம்பெரேயில் சிங்கத்துக்குத் தேவை இல்லை. மொழி வராததால் வேலையும் இல்லை. மகள் யாழினி பகலில் தூங்கும் நேரத்தில், அவள் ஒரு விசையைப் பிடுங்கிப்போட்ட பழைய மடிக்கணினியில், இலவசமாகக் கிடைத்த இணைய இடத்தில் விளையாட்டாகப் பக்கங்கள் செய்வேன். ஒன்றில் எங்கே தொட்டாலும் குக்கர் விசில் அடிக்கும். பார்க்க வருபவர் செந்தில் ஒருவர்தான். அவரும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார்.

அப்போதுதான் எங்கள் பகுதி நூலகத்தில், இணையத்துக்காகவே செய்த கலைகளைப் பெரிய திரையில் ஒரு மாதம் காட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. விசிறி உறுமும் அறையில் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு யோசனை வந்துவிட்டது. சிதம்பரத்தில் அம்மா வீட்டு மொட்டைமாடிக் கொடியை இந்த ஊருக்குக் காட்டுவது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. துணி காயும், அவ்வளவுதான். எழுதி அனுப்பினேன், நூலகத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்பா தன் உடைந்த திரைக் கைபேசியைத் தயிர் டப்பாவுக்குள் வைத்து, ஓட்டை போட்டு, தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டினார். வீடியோ அனுப்பினால் டேட்டா தாங்காது. அதனால் நிமிடத்துக்கு ஒரு படம். முதல் நாளே உச்சிவெயிலில் போன் சூடாகி அணைந்தது. அப்பா அதை மறுபடி உயிர்ப்பித்ததும், அம்மா பாவம் பார்த்து அதன்மேல் ஈரத் துண்டைப் போர்த்திவிட்டார். மதியம் முழுவதும் நூலகத் திரையில் இருட்டாக ஏதோ தெரிந்தது. நூலகப் பெண் என்னிடம் ஓடிவந்து ஆங்கிலத்தில், “பார்வையாளர்களுக்கு எதையும் காட்ட மறுக்கிறீர்கள். எவ்வளவு துணிச்சல்!” என்றார். அது எங்கள் வீட்டுத் துண்டு என்று சொல்ல வாய் வரவில்லை. “யோ” என்று தலையாட்டிவைத்தேன். யோ என்றால் ஆமாம்.

மறுநாள் கொடியில் பட்டுப்புடவைகள் தொங்கின.

“ஏம்மா, வழக்கமா காயப்போடுறத போட்டா போதும்னு சொன்னேன்ல?”

“ஊரே பாக்கும்னும் நீதானடி சொன்ன? உங்கப்பா பனியன்ல ஓட்டை இருக்குது. அத வெளிநாட்டுக்காரன் பாத்து என்னா பண்ணப்போறான்?”

அம்மாவை நான் வழிக்குக் கொண்டுவருவதற்குள் கடலூரிலிருந்து அத்தை கூப்பிட்டார். அத்தை என்றால் செந்திலின் அம்மா. “இல்லம்மா, ஒண்ணுமில்ல. எங்க வூட்லயும் தெனமும் துணி காயுதுன்னு சொல்லலாம்னு கூப்புட்டேன்” என்றார். செந்தில் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த வாரமே கடலூர் மாடியிலும் ஒரு பழைய போன் ஏறியது. பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் சிதம்பரம், வலப்பக்கம் கடலூர்.

அதோடு கலை முடிந்து போட்டி தொடங்கியது. அம்மா புடவைகளை இஸ்திரி போட்டுக் காயப்போட்டார். அத்தை விலைச்சீட்டுகூடக் கிழிக்காத திரைச்சீலைகளை நனைத்துத் தொங்கவிட்டார். “உங்க அம்மா வூடு எதுக்கு மொதல்ல வருது?” என்று கேட்டார். இடத்தையும் வலத்தையும் மாற்றினேன். அம்மா சாப்பாடு இறங்கவில்லை என்றார். பிறகு நாளுக்கு ஒருமுறை மாற்றிப் பார்த்தேன். இரண்டு பேரும் கோபித்துக்கொண்டார்கள். சம்பந்திகள் இருவரும் பேசுவதை நிறுத்தினார்கள். யாழினியின் பிறந்தநாளுக்கு இரு வீட்டாரையும் ஒரே வீடியோ அழைப்பில் சேர்த்தால், இரண்டு கட்டத்திலும் காலி நாற்காலி தெரிந்தது. செந்தில் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். ஒரு கொடியை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பத்தைப் பிரித்துவிட்டேனே என்று எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. பக்கத்தை அழித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த நாள் காலை, நான் அதைச் செய்ய உட்கார்ந்தபோது கதவு படபடவென்று தட்டப்பட்டது. இந்தக் கட்டடத்தில் யாரும் யார் கதவையும் அப்படித் தட்டமாட்டார்கள். திறந்தால், உள்ளங்கியோடு இர்மா. “சதா! சதா!” என்று கத்தினார். எனக்குத் தெரிந்த சதா என்றால் எப்போதும். எப்போதும் என்ன? நான் ஏதாவது எப்போதும் செய்துகொண்டே இருக்கிறேனா? “மன்னிக்கவும்” என்றேன். அவர் பொறுமையிழந்து தன் கைபேசியை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். என்னுடைய பக்கம். நூலகத்தில் பார்த்தவர் வீட்டிலும் பார்த்துவந்திருக்கிறார். கடலூர்க் கட்டத்தில் திரைச்சீலைகள் சொட்டச் சொட்டத் தொங்கின, வானம் கறுத்திருந்தது. சதா என்றால் மழை பெய்கிறது. அவர் விரல் மெல்ல நகர்ந்து அடுத்த கட்டத்துக்கு வந்து நின்றது. அங்கே பளீர் வெயிலில், அத்தையைத் தோற்கடிப்பதற்காக, அம்மா தன் கல்யாணக் கூரைப்புடவையைக் காற்றாட விட்டிருந்தார். மேகம் அடுத்து அங்கேதான் வரும் என்று உறைத்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, மழை வருது! ஓடு, பொடவைய எடு!”

“என்னாடி ஒளறுற? இங்க வெயில் மண்டைய பொளக்குது. பனிக்குள்ள ஒக்காந்துகிட்டு எனக்கு மழை சொல்றியா?”

“சொன்னா கேளும்மா!”

நான் கத்திய கத்தலில் அம்மா படியேறிவிட்டார். நானும் செந்திலும் இர்மாவும் திரையை முறைத்துக்கொண்டு நின்றோம். ஒரு படம் வந்தது: கொடி, புடவை, மூலையில் கருமேகம். அடுத்தது: அம்மாவின் முதுகும் பாதிப் புடவையும். அதற்கடுத்தது: வெறுங்கொடி. பிறகு வந்த படம் முழுவதும் மழைத்துளி. மாடிப்படியே அதிர நாங்கள் கூச்சல் போட்டோம். மற்ற வீட்டுக் கதவுகள் லேசாகத் திறந்து மூடிக்கொண்டன.

அம்மா மூச்சுவாங்கக் கூப்பிட்டார். “எப்டிடி தெரிஞ்சுது?”

“கடலூர்ல முன்னாடியே பெய்யுதும்மா. அத்தை வீட்டுத் துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு.”

“ஐயையோ, அந்தப் பச்ச திரையா? நல்லா இருந்துதே அது” என்றார் அம்மா. அன்று மாலையே அவர் அத்தையைக் கூப்பிட்டார். “அண்ணி, உங்க வூட்டு மழைதான் என் பொடவைய காப்பாத்துச்சு” என்றாராம். அதிலிருந்து கடலூரில் தூறினால் அத்தை முதலில் சிதம்பரத்துக்குப் போன் போடுவார், அப்புறம்தான் தன் துணியை எடுப்பார். கொடிகளில் நைட்டியும் சாயம்போன பாவாடையும் அப்பாவின் ஓட்டைப் பனியனும் வந்து சேர்ந்தன. நூலகத்தில் மாதம் முடிந்துவிட்டது. இலவச இடம்தானே என்று பக்கத்தை அப்படியே விட்டுவைத்தேன். இர்மா விடாமல் பார்த்தார். அப்பாவுக்குக் கால்சட்டையே கிடையாதா, எல்லாம் நீளமான வெள்ளைத் துணியாகவே இருக்கிறதே என்று ஒருநாள் செந்திலிடம் கவலையோடு கேட்டார்.

பொங்கலுக்கு நானும் யாழினியும் மட்டும் ஊருக்குப் போனோம். செந்திலுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. போன மறுநாள் வெயில் தாழுமுன் துணியெடுக்க மாடிக்குப் போனேன். அம்மாவின் நைட்டி, தலையில் துண்டு. பாதித் துணியைத் தோளில் போட்டிருந்தபோது செந்தில் போனில் கூப்பிட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்.

“இர்மா வந்து கதவ தட்டுறாங்க. யாரோ ஒரு பொம்பள உங்கம்மா துணிய திருடுறாளாம். போலீசுக்குச் சொல்லட்டுமான்னு கேக்குறாங்க.”

துணிகளைக் கைப்பிடிச் சுவர்மேல் போட்டேன். துண்டை அவிழ்த்து முகம் தெரியும்படி முடியை ஒதுக்கினேன். தயிர் டப்பாவுக்கு நேராக நின்று கையைத் தூக்கினேன். எந்த நொடியில் படம் எடுக்கும் என்று தெரியாதே, அசைந்தால் முகம் கலங்கிவிடும். “யாருக்குடி கை காட்டுற?” என்று கீழேயிருந்து அம்மா கேட்டார். பதில் சொன்னால் வாய் அசையும். பிறந்து வளர்ந்த வீட்டு மாடியில், தூக்கிய கையோடு, நான் இந்த வீட்டுப் பெண்தான் என்று பின்லாந்தில் ஒருவருக்குத் தெரியும்வரை அப்படியே நின்றேன்.