மேலே மல்லி, கீழே மிளகாய்

ஜெர்மனியில், நொய்கெல்ன் பகுதியில், அந்தத் துருக்கிக் கடைக்காரர் என் கறித்தூளில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்த நிமிடம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. "காரமே இல்லையே" என்றார், எங்கள் இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஜெர்மனில். விடுவேனா? வாளியின் அடியிலிருந்து ஒரு கரண்டி அள்ளிக் கொடுத்தேன். மனிதர் துள்ளிக் குதித்துக் குழாயடிக்கு ஓடினார். "ஒரே வாளிக்குள் இரண்டு சாமானா? அடுத்த சனிக்கிழமை ஒரே சுவையோடு கொண்டு வா. இல்லையென்றால் வராதே."

எண்பத்தாறாம் ஆண்டு அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் யாழ்ப்பாணத்துத் தூளைத் துருக்கிக் கடைத் தட்டில் ஏற்றலாம் என்று யோசித்த மூளை என்னுடையதுதான். அவர் எடுத்தால், உணவகத்தில் தட்டுக் கழுவும் வேலைக்கு முழுக்கு. எடுக்காவிட்டால் காலம் முழுக்கச் சவர்க்கார நுரைதான். கோப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன மெசினில் மிளகாயை மாவாக அரைத்திருந்தேன். அதற்குள் மெசின் சூடேறி முனகியதால் மல்லி கரகரப்பாகவே நின்றுவிட்டது. எல்லாவற்றையும் வாளியில் கலந்து, பஸ்ஸில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோயிருந்தேன்.

அகதி விடுதியில் பக்கத்து அறையில் ரீச்சர் இருந்தார். ஊரில் இரசாயனம் படிப்பித்தவர், என்னைவிட இளையவர். பொதுக் குசினியில் என் புலம்பலைக் கேட்டபடியே தேநீரைக் கலக்கினார்.

"அண்ணை, சீனியை எங்கை கிள்ளினாலும் சீனிதான். அது தூய பொருள். தேத்தண்ணியிலை வடிவாக் கரைச்சால் கலவை, ஆனால் முதல் மிடறும் கடைசி மிடறும் ஒரே இனிப்பு. உங்கடை தூளும் கலவைதான். அது கரையேல்லை, பக்கத்திலை பக்கத்திலை சும்மா இருக்குது. பஸ் குலுக்கினால் மா கீழை போகும், கரகரப்பு மேலை வரும்."

"என்ரை தூளிலை பிழை சொல்லுறியளோ, ரீச்சர்?"

"தூளிலை இல்லை, வாளியிலை. மல்லியைத் திரும்ப அரைச்சு, சல்லடையிலை அரியுங்கோ. ஒவ்வொரு பைக்கும் தனித்தனியா அளந்து போடுங்கோ. பிறகு ஒரு பைக்கும் மற்றப் பைக்கும் வித்தியாசம் வராது."

அன்று குசினியே தும்மியது. ரீச்சர் மூக்கைச் சால்வையால் கட்டிக்கொண்டு மல்லியை அரிக்க, நான் மிளகாயும் மல்லியும் சீரகமும் மிளகும் பை பையாக அளந்தேன். விடுதிப் பொறுப்பாளர் தீப்பிடித்துவிட்டதென்று தண்ணீரோடு ஓடிவந்து, தும்மிக்கொண்டே திரும்பிப் போனார்.

சனிக்கிழமை கடைக்காரர் தம்முடைய பருப்புச் சூப்பை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, இரண்டு பைகளிலிருந்து தூவினார். ஒன்றைக் குடித்தார். மற்றதைக் குடித்தார். திரும்பவும் முதலாவதைக் குடித்தார். இரண்டு கண்ணிலும் ஒரே அளவு கண்ணீர்.

"எல்லாப் பையையும் வை" என்றார்.

இன்று எனக்குச் சொந்தமாக இரண்டு கடைகள். அளப்பதும் பையில் போடுவதும் மெசின். இந்த முறையைக் கண்டுபிடித்தது நான்தான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவேன். ரீச்சர் சாமான் வாங்க வந்து நிற்கும்போதும் சொல்லுவேன். அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை.

"ஓம், ஓம், அண்ணைதான் கண்டுபிடிச்சவர்" என்பார். "நான் தும்மினது மட்டும்தான்."