மீன் செத்த தண்ணீர்

2004ஆம் ஆண்டு. இலங்கையில் தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் இருந்தோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்த நேரம். ஒரு நாள் காலை பார்த்தால், நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. முதல் நாள்தான் மலையில் புல்லுக்கு மருந்து அடித்துவிட்டு, மருந்து டேங்குகளை அந்த ஓடையிலேயே கழுவியிருந்தார்கள். நாங்கள் குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

யாரோ தகவல் சொல்லி, மறுநாளே பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு சிங்கள மிஸ் வந்து தண்ணீரைப் போத்தல்களில் எடுத்துப் போனார். சில வாரம் கழித்து முடிவு சொல்ல வந்தார். எங்கள் ஆட்களுக்குக் கடைச் சிங்களம் நன்றாகத் தெரியும். படித்தவர்கள் பேசும் சிங்களம்தான் பிடிபடாது. அதனால், சிங்களம் படித்திருந்த என்னை மொழிபெயர்க்க நிறுத்தினார்கள்.

அந்தத் தண்ணீரில் சோதனைக்கு விட்ட மீன் குஞ்சுகளில் பாதி செத்துவிட்டன, பாதி பிழைத்துக்கொண்டன என்றார். மீனுக்கு ஆபத்து நிச்சயம். மனிதருக்கு எப்படி என்று இந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது என்றார். நானும் அப்படியே சொன்னேன்.

"அப்ப குடிக்கலாமா, கூடாதா?" என்று ஒரு கங்காணி கத்தினார். எனக்கே விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஏழு மாதக் கர்ப்பிணி. என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, நான் இவ்வளவு நாளா இந்தத் தண்ணியத்தானே குடிச்சேன். புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுதானே? நல்லா கேளு."

கேட்டேன். "உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார் மிஸ். அதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றும் ஆகாது என்றால் பொய். ஆபத்து என்றாலும் மிஸ் அப்படிச் சொல்லவில்லையே! குழம்பிப்போய், யாரும் கேட்கச் சொல்லாத ஒன்றை நானாகவே சிங்களத்தில் கேட்டுவிட்டேன்: "மிஸ், அக்கா இடத்துல நீங்க இருந்தா இதக் குடிப்பீங்களா?"

அவர் ஓடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மம நம் பொன்னே நே" என்றார். நானென்றால் குடிக்க மாட்டேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அன்று மாலையே பெண்கள் குடத்தோடு மலை உச்சியில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு ஏறினார்கள். அக்காவை ஏற விடவில்லை. யார் தண்ணீர் கொண்டு வந்தாலும் அக்கா வீட்டுக்கு ஊற்றிவிட்டுத்தான் போனார்கள். இரண்டு மாதம் கழித்து கரவனெல்ல ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சுகம்.

பீலித் தண்ணீர்தான் காப்பாற்றியதா, ஓடைத் தண்ணீரையே தொடர்ந்து குடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் விஷயம் தெரிந்தவர்களே தெரியாது என்று கைவிரிக்கும்போது, "உங்களுக்கென்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கும் தைரியம் அன்று வந்தது, இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.