ரிப்போர்ட்டை மாற்றச் சொல்லிக் கேட்டேன்

ஆண்டவரை நம்பியிருக்கும் அக்கா தங்கச்சிகளே, நான் எதையும் மென்று முழுங்குகிற ஆள் இல்லை. திருச்செங்கோட்டில் எங்கள் தெருவுக்கே தெரியும், எனக்கு வாய் அதிகம். அந்த என்னையே ஒரு ஸ்கேன் ஊமையாக்கியது.

தவக்காலத்தின் இரண்டாம் வாரம். எனக்கு மூன்றாம் மாதம். குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் நீர் அதிகமாக இருக்கிறது, டவுன் சிண்ட்ரோமாக இருக்கலாம் என்றார் டாக்டர். "ஊசி மூலமா ஒரு டெஸ்ட் பண்ணினாத்தான் உறுதியாத் தெரியும். வீட்டுக்காரரோட பேசிட்டு ஒரு வாரத்துல சொல்லும்மா." வெளியே ஆஸ்பத்திரி ஆயா, "அடுத்தது நல்லதாப் பெத்துக்கலாம் கண்ணு" என்று தோளைத் தட்டினார்.

கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். போனில் அழுதால் மிஷின் வேலையில் கவனம் சிதறிவிடுமே என்று பயம். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லும் வழக்கம் இல்லாததால், அவரைத் தவிர யாருக்கும் நான் உண்டாகியிருப்பதே தெரியாது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். "ஆண்டவரே, ரிப்போர்ட்டை மாத்திக் குடுங்க" என்று நச்சரித்தேன். பிறகு, "அவரையாச்சும் கொண்டாந்து உடுங்க" என்று கெஞ்சினேன்.

தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், "என் மனசுல இருக்கற ஒரு தனிக்கருத்துக்காக வேண்டிக்கோங்க" என்று மட்டும் சொல்லி ஓவென்று அழுதுவிட்டேன். தலைவி மேரி அக்கா, புருஷன் குடிக்கிறார் போல என்று தானே முடிவு கட்டி, அவருக்கே போன் போட்டார். "ஏன் சாமி, பொண்டாட்டியை இப்படி அழுவ உடலாமா? குடியை நிறுத்து." பீடி கூடத் தொடாத மனுஷன் அவர்!

நான்காம் நாள் காலை பையோடு வாசலில் நின்றார். "நானு குடிக்கறனாமா? யாரு புள்ள சொன்னது?" என்று கத்தியவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "நம்ம பாப்பாவுக்குத்தானுங்க..." என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா எப்படி வந்தாலும் அது நம்ம ஊட்டுக்குத்தான புள்ள வருது" என்றார். அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

டெஸ்டும் டவுன் சிண்ட்ரோம் என்றே சொன்னது. மகளுக்கு இப்போது மூன்று வயது. இரண்டரை வயதில்தான் நடந்தாள். கணவர் ரிக்கை விட்டு உள்ளூர்ப் பட்டறையில் வேலை பார்க்கிறார். பயிற்சிக்காக அவளோடு சேலம் பஸ் ஏறி இறங்குகிறேன். எனக்குப் பின் அவளை யார் பார்ப்பார்கள் என்று இன்றும் சில நாள் பதறுவேன். அப்போதும் ஆண்டவரிடமே போய் நிற்கிறேன்.

கையில் ரிப்போர்ட்டோடு தவிக்கிறவர்களே, என்னைப் போல மூடி வைக்காதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், வீட்டாரிடமும் சொல்லுங்கள். அவர் உங்களைத் தனியாக விடமாட்டார். மகள் ஓடி வந்து கட்டிக்கொள்ளும்போதெல்லாம், இவளையா மாற்றச் சொன்னோம் என்று எனக்கு உடம்பு கூசுகிறது. அந்த ஒரு ஜெபத்தைக் கேளாமல் விட்டாரே, அதற்குத்தான் தினமும் முழந்தாளிட்டு நன்றி சொல்கிறேன்.