எமனுக்கும் திறக்காத கிரில்

"நான் போட்ட கிரிலை எமனே எருமையை விட்டு இறங்கி வந்து ஆட்டினாலும், சாவி இல்லாம திறக்க முடியாதுலா!"

ஜெலுத்தோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில், பசியாறிக்கொண்டிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சிவநேசன் வெளியிட்ட பிரகடனம் இது. எமன் தரப்பிலிருந்து மறுப்பு எதுவும் வராததால், அது உண்மை என்றே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சொன்னவர் சாதாரண ஆளில்லை. ஜார்ஜ்டவுன் அடுக்குமாடிகளில் கிரில் இல்லாத வீடு சட்டை போடாத ஆள் மாதிரி. மரக்கதவுக்கு முன்னால் ஓர் இரும்புக் கதவு வந்த பிறகுதான் வீட்டுக்குள் அடுப்பே வரும். மற்ற பட்டறைக்காரர்கள் குழாயில் கிரில் செய்தால், சிவநேசன் கெட்டிக் கம்பியில் செய்தார். பூட்டையும் அவர் வெளியில் தெரியவிடுவதில்லை. ஓர் இரும்புப் பெட்டியைப் பற்றவைத்து அதற்குள் ஒளித்துவைப்பார். திருடனின் வெட்டுக்கத்தரிக்கு வாய்வைக்க இடம் இருக்காது. வீட்டுக்காரரே அடிப்பக்கமாகக் கையை விட்டு, பசுவுக்குப் பிரசவம் பார்ப்பவர் போலக் கண்ணை மேலே வைத்துக்கொண்டு தடவித்தான் திறக்கவேண்டும்.

கிரிலோடு ஓர் அறிவுரையும் இலவசம்.

"சாவியைக் கதவுப் பக்கம் மாட்டாதீங்க. குச்சி விட்டு இழுத்துருவானுங்க. பின்னால, அடுப்படியில ஆணி அடிச்சு மாட்டுங்க."

ஊரே அப்படித்தான் மாட்டியது. பகலிலும் உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டு, சாவியை அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு நிம்மதியாக இருந்தது. திருடன் எந்த வழியாக வருவான் என்று சிவநேசன் யோசித்த யோசனைக்கு அளவே இல்லை. தீ எங்கே பிடிக்கும் என்று யோசிப்பது அவர் இலாகாவாக இல்லை.

ஒரு காலை, மேல்மாடி வீடு ஒன்றில் புதுக் கிரிலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அலறல் கேட்டது. டேப்பும் கையுமாக இறங்கி ஓடினார். அவர் கிரில் போட்டுக் கொடுத்த இம்ரான் வீடு. அவன் சிம்பாங் அம்பாட் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி சுஹானா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, போன் அடிக்கிறதே என்று ஹாலுக்கு வந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் அடுப்படித் திரைச்சீலை எரிகிறது. சாவி அந்தத் திரைச்சீலைக்குப் பக்கத்து ஆணியில்.

"அண்ணே, தொறங்கண்ணே!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

சிவநேசன் கிரிலைப் பிடித்து ஆட்டினார். உதைத்தார். தோளால் இடித்தார். கிரில் தன்னைப் பெற்றவரையும் திருடனாகவே நடத்தியது. ஜன்னல் பக்கம் ஓடினார். ஜன்னலுக்கும் அவர்தான் கம்பி போட்டிருந்தார்.

"கீழ படுத்துக்கம்மா! மூக்கு தரையில படட்டும்!" என்று கத்தி, பக்கத்து வீட்டில் வாங்கிய ஈரத்துண்டைக் கம்பி வழியாகத் தள்ளினார். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. உட்கூரையில் கறுப்பாகத் தேங்கிய புகை மெல்ல மெல்லக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தீயணைப்புப் படையான பொம்பா வந்தது. வெட்டும் எந்திரத்துக்குப் பூட்டு எட்டவில்லை. கடைசியில் கீல் பக்கம் அறுத்துத்தான் கிரிலைப் பெயர்த்தார்கள். சுஹானாவைத் தூக்கி வந்து படிக்கட்டில் உட்காரவைத்தபோது முகமெல்லாம் கரி. இருமலுக்கு நடுவே மூச்சு வந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு வீரர் ஸுல்கிஃப்லி தலைக்கவசத்தைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை.

"யாருண்ணே இந்தக் கிரிலைச் செஞ்சது? என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஸ்திரமான கிரிலை நான் பார்த்ததே இல்ல!"

தொழில் வாழ்க்கையில் சிவநேசனுக்குக் கிடைத்த ஆகப் பெரிய பாராட்டு அது. வேறொரு நாளாயிருந்தால் பெயர் அட்டையை நீட்டியிருப்பார். அன்று சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த அட்டையை விரலால் உள்ளே அழுத்திக்கொண்டார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. "எமனால திறக்க முடியாதுன்னு சொன்னேன். உண்மையாத்தானே சொன்னேன்?" என்று மனைவி லெட்சுமியிடம் நியாயம் கேட்டார்.

"எமன் எதுக்குங்க தொறக்கணும்? அவன்தான் அடுப்படி வழியா உள்ள வந்துட்டானே. வெளிய வரவேண்டியது அந்தப் புள்ளயில்ல?"

சிவநேசன் கையைக் கழுவினார்.

சில நாளில் இம்ரானும் சுஹானாவும் பட்டறைக்கு வந்தார்கள், சண்டையோடு.

"அண்ணே, அதே மாதிரி கிரில் வேணும். போன மாசம்கூட எங்க மாடியில திருட்டு. கிரில் இல்லாம இவளைத் தனியா விட்டுட்டு நான் எப்படி நைட் ஷிப்டு போறது?"

"மறுபடியும் அந்தக் கூண்டைப் போட்டீங்க, நான் சுங்கை பாக்காப்புக்கு எங்க அம்மா வீட்டுக்கே போயிடுவேன். திருடன் வந்தா பொருள்தான் போகும். நீங்க கூண்டுக்குள்ள இருந்து பார்த்திருந்தா தெரியும்."

"அண்ணே, சொல்லுங்கண்ணே இவகிட்ட!"

வியாபாரம் பேசுவதில் மன்னரான சிவநேசன் அன்று விலையே பேசவில்லை. "தங்கச்சி அம்மா வீட்டுக்குப் போகவேணாம். ஒரு வாரம் பொறுங்க" என்றார் கடைசியில்.

நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போய் ஸுல்கிஃப்லியைப் பிடித்து யோசனை கேட்டார்.

"உள்ள இருக்கிறவங்களுக்குச் சாவியே தேவைப்படக்கூடாதுண்ணே. புகையில கண்ணு தெரியாது. நின்னா மூச்சு முட்டும், தவழ்ந்துதான் வரணும். தடவினா கை படணும், தள்ளினா தொறக்கணும். அவ்ளோதான்" என்றார் ஸுல்கிஃப்லி.

அவ்வளவுதானாம்! உள்பக்கம் ஒரு தாழ் வைப்பது பெரிய காரியமில்லை. கம்பி இடுக்கில் வெளியாள் கையை விட்டு அதையே தள்ளினால்? சிவநேசன் ஒரு தகடு வைத்து மறைத்தார். பட்டறையில் திருடன் வேடத்துக்கு லெட்சுமியை நியமித்தார். லெட்சுமி தோசைக் கரண்டியை விட்டு நெம்பினார். திறந்துகொண்டது. சிவநேசன் தகட்டை அகலமாக்கினார். லெட்சுமி சட்டை மாட்டும் கம்பியை வளைத்து வந்தார். அதுவும் திறந்துகொண்டது.

"இவ்ளோ திறமையை வச்சுக்கிட்டு வீணா சமைச்சிட்டு இருந்திருக்கேனே!"

சிவநேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. தாழை முழங்கால் உயரத்துக்கு இறக்கினார். மூன்று பக்கமும் தகடு அடைத்து, வீட்டு உள்பக்கம் மட்டும் உள்ளங்கை நுழைய வாய் விட்டார். மற்ற வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டார். வாடிக்கையாளர்கள் போனில் திட்டினார்கள். செய்தார், பிரித்தார், மறுபடி செய்தார். ஒரு மத்தியானம் முழுக்க முயன்றும் முடியாமல் லெட்சுமி கம்பியைக் கீழே போட்டார்.

"எனக்கு இந்தத் தொழில்ல எதிர்காலம் இல்லைங்க."

மறுநாளே புதுக் கிரிலை இம்ரான் வீட்டில் பொருத்தினார். அந்த மாடியே நடைவழியில் திரண்டது. இம்ரான் வெளியிலிருந்து ஆட்டினான், குச்சி விட்டான், கம்பி விட்டான். கிரில் அசையவில்லை. அவன் முகம் மலர்ந்தது.

சுஹானா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாகவே நின்றாள். "நான் உள்ள போகமாட்டேன். நீங்க போங்கண்ணே."

சிவநேசன் போனார். கிரிலை இழுத்துச் சாத்தினார், தாழ் தானே விழுந்தது. உள்ளே நடந்து அடுப்படிக்குப் போய், கரி பிடித்த சுவரில் அந்த ஆணி இருந்த இடத்தில் நின்று, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். பிறகு கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றித் தவழத் தொடங்கினார். நாற்காலியில் தலை இடித்தது. பாதை தவறிக் குளியலறைக் கதவைத் தடவினார்.

"அண்ணே, கக்கூசா?" என்று யாரோ சிரித்தார்கள்.

அவர் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். கை கம்பியில் பட்டது. தடவினார். உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு.

கிரில் திறந்தது.

துண்டை அவிழ்த்துவிட்டுச் சிவநேசன் தரையிலேயே உட்கார்ந்தார். சுஹானா அவரைத் தாண்டி உள்ளே போனாள். தானே சாத்தினாள், குனிந்து தள்ளித் திறந்தாள். மறுபடி சாத்தினாள்.

சிவநேசன் எழுந்து, பக்கத்து வீட்டு மணியை அடித்தார். அந்தக் கிரிலும் அவர் போட்டதுதான். முன்னால் மண்டியிட்டு, கிரைண்டரை முடுக்கி, தான் பற்றவைத்த பூட்டுப் பெட்டியை அறுக்க ஆரம்பித்தார்.