பட்டிப் பொங்கலன்று டிராக்டரை இழுத்தது யார்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மகன் கேட்டபோது, அண்ணனின் அருங்குணங்கள் என்று இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே சகிக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

கேரள எல்லையில், வேலந்தாவளத்துக்குத் தெற்கே, எங்கள் தோட்டத்து வீட்டில்தான் அண்ணன் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்கு வயது பதினாறு, எனக்கு ஏழு. அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஏர் பிடித்தார். என்னைச் சித்தூரில் கல்லூரிவரை படிக்க வைத்தார். வில்லேஜ் ஆபீசிலிருந்து மலையாளத்தில் காகிதம் வந்தால் என்னிடம் நீட்டி, "நீ படிச்சவன், பாரு" என்பார். அந்தப் படித்தவன் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

எழுபதுகளின் நடுவில், பழைய டிராக்டர் ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். அண்ணனுக்கு விருப்பமில்லை, தம்பி ஆசைப்படுகிறானே என்று வாங்கித் தந்தார். ஒரு வெள்ளாமைக்குக்கூட அது முழுதாக உழைக்கவில்லை. பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, வீட்டுக்கு வரும் வண்டித்தடத்தின் நட்ட நடுவில் நின்றுவிட்டது. கியர் பெட்டிக்குள் ஏதோ உடைந்து சிக்கிக்கொண்டதில் பின்சக்கரங்கள் இறுகிவிட்டன. பத்துப் பேர் தள்ளியும் உருளவில்லை. "காலேஜ் வண்டி படுத்துக்கிச்சுங்கோ" என்று தடத்தில் போனவர்களெல்லாம் சிரித்தார்கள். பொங்கல் கழிந்து மெக்கானிக் வரட்டும் என்று அண்ணன் பேசாமல் இருந்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அப்போது எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பண்டிகைக்குப் பக்கத்து ஊருக்கு வரும் பெண்ணின் தகப்பனார், பட்டிப் பொங்கலன்று எங்கள் தோட்டத்தையும் பார்த்துப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் கண்ணில் முதலில் படப்போவது இந்தப் பிணமா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

பட்டிப் பொங்கல் என்கிற மாட்டுப் பொங்கலைப் பற்றி ஊராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அன்று மாட்டின் கழுத்தில் நுகம் ஏறக் கூடாது. கொம்புக்கு வர்ணம் பூசி, மாடு அடைக்கும் பட்டிக்குள் மண்ணால் சின்னத் தெப்பக்குளம் கட்டி, கன்றை அதில் மிதிக்க விடுவோம். ஊர்ப் பட்டியில் முதல் கன்றைப் பிடித்து வரும் உரிமை எங்கள் குடும்பத்து மூத்தவருடையது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் பிடித்து வந்தார்.

அன்று காலை அவரிடம் கேட்டேன். "ஏனுங்ணா, அந்தச் சனியன ஓரமா இழுத்துப் போட்டர்லாம். ஒரு சோடி மாடு போதுமுங்க."

"என்றா பேசற? இன்னிக்கு மாட்டுக் கழுத்துல நொகம் வெக்கறதா? நின்னா நின்னுட்டுப் போவுது. வர்றவங்க சுத்திக்கிட்டு நடந்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு, தெப்பக்குளம் கட்ட மண் எடுக்கத் தோட்டத்துக் கடைசிக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாடுகளைப் பூட்டினேன். "வேண்டாங்க கொழுந்தனாரே, உங்கண்ணன் மனசு ஒடிஞ்சிரும்" என்று அண்ணி கும்பிட்டுச் சொன்னார்கள். நான் காதில் வாங்கவில்லை. டிராக்டரின் முன் அச்சில் சங்கிலியைக் கட்டிச் சாட்டையை வீசினேன். வண்டி அசையவில்லை. இன்னும் அடித்தேன். செவலைக் காளை முட்டி போட்டு விழுந்தது. நுகத்தோடு புரண்டதில் அதன் முன்னங்கால் ஒடிந்துவிட்டது.

காளை கதறியது கேட்டு அண்ணன் ஓடி வந்தார். நுகத்தை அவிழ்த்தார். என்னைத் திட்டவில்லை. தடத்தில் ஆட்கள் வருவதைப் பார்த்தவர், என் கையிலிருந்த சாட்டையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஊரார் நான்கைந்து பேர் வந்தார்கள். அவர்களோடு பெண்ணின் தகப்பனாரும் வந்தார்.

"ஏனுங்க, இன்னிக்குப் போயி மாட்டப் பூட்டுனது யாருங்க?" என்று அவரேதான் கேட்டார்.

"நாந்தானுங்க. புத்தி கெட்டுப் போச்சுங்க" என்றார் அண்ணன்.

நான் வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நல்ல பிள்ளையாக நின்றேன். சீ, என்ன பிறவி நான்!

மூன்றாம் நாள் மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறந்து, பல் உடைந்த சக்கரம் ஒன்றை வெளியே எடுத்தார். அதற்குப் பிறகு நான்கே பேர் தள்ள, வண்டி லேசாக உருண்டது.

என் கல்யாணம் நடந்தது. "தப்பப் பண்ணிப்போட்டு, நாந்தான்னு நாலு பேரு முன்னால சொல்றாரு பாருங்க, அவருக்காகத்தான் பொண்ணுக் குடுத்தேன்" என்று என் மாமனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் கன்றைப் பிடிக்கும் உரிமையை ஊர் வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் அண்ணன் பட்டிக்கு வெளியே கைகட்டி நின்று பார்த்துவிட்டு வருவார். கால் ஒடிந்த செவலையைச் சந்தைக்கு ஓட்டச் சொல்லி வியாபாரிகள் வந்தார்கள், அவர் விடவில்லை. அது சாகும்வரை தன் கையாலேயே தீவனம் வைத்தார்.

சென்ற ஆண்டு அவர் படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வந்த உறவினர் ஒருவர், "பட்டிப் பொங்கலுக்கு மாட்டப் பூட்டுன ஆளாச்சே, எமனையும் பூட்டிருவாரு" என்று கேலி பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். கட்டிலோரம் உட்கார்ந்திருந்த நானும் சிரித்தேன். அண்ணன் ஒரு தரம் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

நோயில் அவரைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டிய மருமகளுக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி கொண்டுவந்த பக்கத்துத் தோட்டத்தாருக்கும், காரியங்களில் கூட நின்ற சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் என்னைக் காட்டிக்கொடுக்காத அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் மனைவியும் இதை உங்களோடு சேர்ந்து இன்றுதான் படிக்கிறாள்.

ஊர்ப் பெரியவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். வருகிற பட்டிப் பொங்கலுக்கு முதல் கன்றை அண்ணன் மகன் கையில் கொடுங்கள். பட்டிக்கு வெளியே நான் நின்றுகொள்கிறேன்.