அடைத்த கதவு

இது நடந்தது. எனக்குச் சாட்சி வேண்டாம். இடது கை மோதிர விரலில் தோல் உரிந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் வடக்கே, மலைகளுக்கு நடுவில் எங்கள் பண்ணை. நீளமான ஒரே கூரை. ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் மாடுகள். இடையே தடித்த கல் சுவர். சமையலறையிலிருந்து நேராகத் தொழுவத்துக்குப் போக அதில் ஒரு கதவு இருந்ததாம். சாணி நாற்றம் வருகிறதென்று எப்போதோ யாரோ கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்துவிட்டார்கள். அதனால் மாட்டைப் பார்க்க முற்றத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். முற்றத்தின் நடுவில் சாணிக்குழி.

பனிப்புயலில் முற்றத்தைக் கடப்பவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வார். மறுமுனை வீட்டில் இருப்பவர் கையில். இரண்டு முறை இழுத்தால், என்னை உள்ளே இழு என்று அர்த்தம்.

அன்று ஜனவரி. மூன்றரைக்கே இருட்டிவிட்டது. சிவப்புப் பசு கன்று போடும் நிலையில் இருந்தது. என் கணவர் முர்டோ கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

“கயித்த விட்டுட்டு டீ போடப் போயிடாத, எல்பி.”

“எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இப்படி ஓடுனீங்களா?”

“நீ பால் குடுக்கலையே.”

சிரித்துக்கொண்டே போனார். வாசலில் நின்று கயிற்றைத் தளர்த்திக்கொண்டே இருந்தேன். ஓடியது. நின்றது.

காத்திருந்தேன்.

சுவருக்கு அப்பால் எப்போதும் மாடுகள் உரசும். சங்கிலி குலுங்கும். அன்று ஒன்றுமில்லை.

நாலு மணி.

டொக்... டொக்...

அடைத்த கதவிலிருந்து.

“எல்ஸ்பெத். தொழுவத்துக்கு வந்துட்டேன். வெளிக்கதவப் பனி மூடிடுச்சு. இந்தக் கல்ல எடு.”

முர்டோவின் குரல்தான். ஆனால் அவர் என்னை ஒருநாளும் முழுப் பெயரால் கூப்பிட்டதில்லை. பயந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கயிற்றை வலது கையில் பிடித்தபடி சுவரருகே மண்டியிட்டேன். கீழே ஒரு கல் கொஞ்சம் ஆடும். நெம்பினேன். நகம் பெயர்ந்தது. கல் வந்தது.

உள்ளே இருட்டு. இடது கையை நுழைத்தேன்.

ஒரு கை பிடித்துக்கொண்டது.

அழுதுவிட்டேன்.

“கயித்த விடு. ரெண்டு கையாலயும் கல்ல எடு.”

சரியென்று விரல்களைத் தளர்த்தினேன். அப்போதுதான் உறைத்தது... அந்தக் கை சூடாக இருந்தது. உலர்ந்திருந்தது.

பனியில் போனவரின் கை.

கயிறு இழுபட்டது.

ஒன்று... இரண்டு...

வெளியிலிருந்து.

“விடு, எல்ஸ்பெத்.”

அந்தக் கை இறுகியது. தோள்வரை உள்ளே இழுத்தது. கன்னம் கல்லில் மோதியது. கத்தினேன்.

கயிறு மறுபடி... மெதுவாக. பலமில்லாமல்.

ஒற்றைக் கையால் அவரை இழுக்க முடியாது.

சுவரில் காலை ஊன்றிப் பிடுங்கினேன்.

தோலோடு மோதிரம் போயிற்று.

இரண்டு கைகளாலும் இழுத்தேன்... இழுத்தேன்...

முர்டோ முழங்காலில் வாசற்படிக்கு வந்து விழுந்தார். சாணிக்குழியில் சிக்கியிருக்கிறார். தொழுவத்தை அவர் எட்டவே இல்லை.

ஏப்ரலில் கொத்தனார் தூகல் வந்து அடைப்பை இடித்தார். ஆடிய கல்லுக்குப் பின்னால் பொந்து எதுவும் இல்லை. கெட்டியாகச் சல்லியும் சுண்ணாம்பும்.

“இதுக்குள்ளயாம்மா கைய விட்டே? எலிகூட நுழையாதே.”

மேலும் உடைத்தார். நடுவில், இறுகிப்போன சுண்ணாம்புக்குள் என் மோதிரம் இருந்தது. உளியால் செதுக்கித்தான் எடுக்க முடிந்தது.

பக்கத்தில் இன்னொன்று... அதற்குப் பின்னால் இன்னொன்று.

பெண்களின் மோதிரங்கள். பழையவை. பக்கத்துப் பண்ணை எஃபி ஒன்றைத் துடைத்துப் பார்த்தாள்.

“இது எங்க அத்தையோடது. உங்களுக்கு முன்னாடி இந்த வீட்ல இருந்தாங்க.”

“அவங்க வீட்டுக்காரர்?”

“முற்றத்துல செத்துக் கெடந்தாரு. பனிக்குள்ள. இடுப்புல கயிறு. அவருக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தானாம்.”

மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு எஃபி சொன்னாள்:

“அவருதான் விடச் சொன்னாரு, அவருதான் விடச் சொன்னாருன்னு... அத்தை சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”