அத்தையின் ஆறரை மணி வெங்காயம்

உலகத்தில் மூக்கு என்ற ஒன்று படைக்கப்பட்டதே இந்த அத்தைக்காகத்தான். மற்றவர்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிக்கொள்ள ஒரு முட்டு வேண்டுமே என்று மிச்சம் மீதியில் செய்து ஒட்டினார்கள். மழைக்கு மூன்று நாள் முன்பே அவளுக்கு ஈர மண் வாசனை வந்துவிடும். நான்காவது மாடியில் ஒருவர் சட்டைப்பையில் பிஸ்கட் வைத்திருந்தால், தெருவில் நின்றபடியே அது உப்பு பிஸ்கட்டா, இனிப்பா, எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவாள். நாய்கள் அவளைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கி நிற்கும். இதில் கொஞ்சம் புளுகு கலந்திருக்கலாம். எந்த வரியில் என்று கேட்கக் கூடாது.

புளுகு கலக்காத பகுதி இனிமேல்தான். அத்தைக்கு பார்சல் அலுவலகத்தில் வேலை. மூன்றாம் நம்பர் ஜன்னல். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை நின்றுகொண்டே எடை போடுவாள், முத்திரை குத்துவாள், "உள்ளே திரவம் ஏதாவது இருக்கா?" என்று கேட்பாள். எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

"துணிதாங்க. வெறும் துணி."

அத்தை பெட்டியைத் தூக்கி ஒரே ஒரு தரம் மூச்சை இழுப்பாள். "துணி எப்பத்திலேருந்து ரோஜா செண்ட் பூசிக்குது? மூடியைச் சரியா திருகல. வெளியே எடுத்துட்டு வாங்க."

அந்த ஆளின் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே நான்காம் நம்பர் ஜன்னல்காரர் கழுத்தை நீட்டுவார். அலுவலகத்தில் அவளுக்கு 'மூக்கு மேடம்' என்றே பெயர். வீட்டில் 'மூக்கத்தை'. இந்த இரண்டாவது பெயரை வைத்தவன் அவளுடைய அண்ணன் மகன். அவனை வீட்டில் வாலு என்பார்கள். பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. இதை எழுதுகிற கையும் அவனுடையதுதான். ஆனால் கதை அவனுடையது இல்லை என்பதால், அவனும் மற்றவர்களைப் போல வந்துபோகட்டும்.

மற்றவர்கள் என்றால் இரண்டே பேர். பஸ் ஓட்டுகிற அண்ணன், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிற அண்ணி. இரண்டாவது மாடியில் இரண்டு அறை, ஓர் அடுப்படி. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எட்டு மணி நேரம் ஊர்க்காரங்க பொட்டியைத் தூக்குறேன், வீட்டுக்கு வந்து ஒரு ஆளையும் தூக்கணுமா?" என்பாள்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அமுக்கிக்கொள்வாள். முகம் கழுவி, பழைய பருத்தி உடைக்கு மாறி, ஆறரைக்கு அடுப்படிக்குள் நுழைவாள். இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிவாள். கனமான இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி வெண்ணெய். தீ இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டிய அளவுக்குக் குறைவு. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவளிடம் யாரும் பேசக் கூடாது. வெங்காயம் வெள்ளை போய், கண்ணாடியாகி, மஞ்சளாகி, கடைசியில் தேன் நிறத்துக்கு வரும்வரை அத்தை கரண்டியோடு நின்று மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பாள். நாளெல்லாம் நின்ற கால்கள் அந்த அரை மணி நேரம் மட்டும் வலிக்காதாம். பிறகு சுட்ட ரொட்டிமேல் அதைக் குவித்து, ஒரு முட்டையைப் பொரித்து மேலே போட்டு, ஜன்னலோர முக்காலியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள்.

"பகலெல்லாம் கண்டவன் கண்டவன் கத்தினான்" என்பாள், வாய் நிறைய. "இப்ப நான் மகாராணி. யாராவது ஏதாவது கேட்டீங்கன்னா நாடு கடத்திடுவேன்."

அப்படிப்பட்டவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் படுத்தாள், ஆறாம் நாள் எழுந்தாள். உடம்பு தேறிவிட்டது. அன்று மாலை ஆசையோடு வெங்காயத்தை அரிந்து சட்டியில் போட்டாள். சத்தம் வந்தது. சூடு வந்தது. வேறு எதுவும் வரவில்லை. ஜலதோஷம் இன்னும் விடவில்லை என்று மூக்கைச் சிந்திப் பார்த்தாள். மூக்கு சுத்தமாக இருந்தது. சட்டிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்தாள். கண்ணில் நீர் வந்ததே தவிர வாசனை இல்லை. சாப்பிட்டாள். உப்பு தெரிந்தது, கொஞ்சம் இனிப்பு தெரிந்தது. ஆனால் வெங்காயம் எங்கே? சூடான ஈரத் துணியை மெல்லுவது போல இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உறுதியாகிவிடும் என்று பயம். நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்தாள். நாளை வந்தது. வாசனை வரவில்லை. அலுவலகத்தில் பெட்டிகளை வழக்கம்போலத் தூக்கி மூச்சிழுத்தாள், நடிப்புக்கு. ஒரு நாள் மண்ணெண்ணெய் ஒழுகிய பொட்டலத்துக்கே முத்திரை குத்திவிட்டாள். நல்லவேளை, நான்காம் நம்பர்க்காரர் ஓடிவந்து தடுத்தார். "என்ன மேடம், மூக்குக்கு லீவா?" என்றார். அத்தை சிரித்துவைத்தாள்.

இரண்டாவது வாரத்தில் ஆறரை மணி வெங்காயம் நின்றுபோனது. முக்காலி காலியாகக் கிடந்தது. அடுப்படியில் நின்றபடியே காய்ந்த ரொட்டியைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. அண்ணிக்கு வேறு கவலை.

"நான் ஏதாச்சும் சொல்லிட்டேனா?" என்று அண்ணனிடம் கிசுகிசுத்தாள். "வெண்ணெய் சீக்கிரம் தீர்ந்துடுதுன்னு அன்னிக்குச் சும்மா சொன்னேன். அதை மனசுல வச்சிக்கிட்டாளோ?"

"அவளா? நீ வெண்ணெயைப் பூட்டி வச்சாலும் பூட்டை வதக்கித் தின்னுடுவா. இது வேற என்னவோ."

அது என்ன என்று கண்டுபிடித்தது வாலு. நல்ல எண்ணத்தில் இல்லை. அத்தை கலகலப்பாக இல்லையே, ஒரு கூச்சல் போட்டாலாவது பழைய அத்தை வெளியே வருவாள் என்று, பத்து நாளாகத் துவைக்காத தன் விளையாட்டுக் காலுறை ஒன்றை அவளுடைய நாற்காலி மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, காதைப் பொத்திக்கொள்ளத் தயாராகக் காத்திருந்தான். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்து ஜன்னலைத் திறந்தார். மூன்றாம் நாள் அண்ணி தையல் மெஷினையே அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வீட்டுக்குள்ள ஏதோ செத்துக் கிடக்கு!" என்றார் அண்ணன். அலமாரியை நகர்த்தினார், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார்.

அத்தை அந்த நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

வாலு அண்ணனையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தான். மெதுவாக அவள் பக்கத்தில் போய் நின்றான். "அத்தை, நாத்தம் வரலையா?"

"வருது, வருது" என்றாள் அவசரமாக. "நாலு நாளா வருது."

"நான் வச்சதே மூணு நாளாத்தான்."

பேப்பர் மடியில் விழுந்தது. மெத்தைக்கு அடியிலிருந்து அவன் காலுறையை இழுத்து அவள் மூக்குக்கு நேரே பிடித்தான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். அத்தை அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கையில் வாங்கி, முகத்தில் அழுத்திக்கொண்டு, ஓவென்று அழ ஆரம்பித்தாள். 

டாக்டர், காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார். "ஒரு மாசத்துல வரலாம். ஒரு வருஷமும் ஆகலாம்."

"வராமலே போகுமா?"

"சில பேருக்கு அப்படியும் ஆகும்மா. தினமும் காலையும் மாலையும் நாலஞ்சு வாசனையை மோந்து பாருங்க. பழக்கம் விட்டுப்போகக் கூடாது."

அண்ணி எலுமிச்சைத் தோல், கிராம்பு, காப்பித்தூள், சோப்புத் துண்டு எல்லாவற்றையும் சின்ன டப்பிகளில் போட்டு வைத்தாள். அத்தை பல் தேய்ப்பது போல வேளை தவறாமல் முகர்ந்தாள். பத்து நாள் போனது. ஒரு மாதம் போனது. நான்கு டப்பியிலும் காற்றுதான். அலுவலகத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர்கள் நல்ல மாதிரிதான், ஆள் மாற்றவில்லை. ஆனால் மூக்கு மேடம் என்று கூப்பிடுவதைச் சட்டென்று எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். அது அவளுக்கு என்னவோ செய்தது.

"வேலை கிடக்கட்டும் அண்ணி" என்றாள் ஒரு நாள். "சாயங்காலம் வீட்டுக்கு வரணும்னே தோணல. வந்து என்ன பண்ண? வயிறு ஒரு சாக்கு, அதுல எதையாவது போட்டுக் கட்டணும்."

அன்று மாலை அண்ணியே வெங்காயம் அரிந்து சட்டியில் போட்டாள். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். உள்ளே வந்த வாலுவுக்குச் சும்மா இருக்க வரவில்லை. ரேடியோவில் பந்தயம் சொல்கிறவன் குரலில் ஆரம்பித்தான்.

"நேயர்களே, வெங்காயம் மைதானத்துல இறங்கியாச்சு! இப்ப பச்சை வாசனை. கணக்கு வாத்தியார் பக்கத்துல வந்து நின்ன மாதிரி கண்ணைக் குத்துது. இதோ வெண்ணெய் கிட்ட வருது. வாத்தியார் கொஞ்சம் சிரிக்கிறாரு..."

அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அண்ணி கரண்டியை நிறுத்தினாள். சிரிப்புதான்.

"அப்புறம்?" என்றாள் திரும்பாமலே.

"அப்புறம் இஸ்திரி போட்ட சட்டை வாசனை. உள்ளுக்குள்ள லேசா இனிப்பு. மழையில நனைஞ்சு வந்து கதவைத் திறந்தா உள்ளே யாரோ இருக்காங்கன்னு தெரியுமே, அந்த மாதிரி."

இதைச் சொல்லிவிட்டு அவனே கூச்சப்பட்டு, "அதோட என் காலுறையும் கொஞ்சம்" என்று சேர்த்துக்கொண்டான்.

அன்றைக்கு அவள் பாதி ரொட்டி சாப்பிட்டாள். மறுநாள் ஆறரைக்குத் தானே, "எங்கடா உன் ரேடியோ?" என்று கூப்பிட்டாள்.

அப்படித்தான் அந்த அரை மணி நேரம் திரும்பிவந்தது. சட்டி அவன் பொறுப்பு, கேட்பது அவள் பொறுப்பு. கேட்கக் கேட்க அவளுக்கு வேறு சிலதும் கிடைக்க ஆரம்பித்தன. ரொட்டியை நன்றாக முறுக விட்டால் கடிக்கும்போது காதுக்குள் பட்டாசு வெடிக்கிறது. தட்டின் சூடு மடியில் ஏறி முழங்கால்வரை இறங்குகிறது. முட்டையின் மஞ்சளைக் கரண்டி நுனியால் குத்தினால், ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் அது வழிகிறது. இத்தனை வருஷமாக மூக்கு இவ்வளவையும் மறைத்துவைத்திருந்ததே என்று ஆச்சரியப்பட்டாள். இருந்தாலும், தூங்கப் போகுமுன் டப்பிகளை முகர்ந்துவிட்டு மூடும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது. வாலு காலையில் எல்லாரும் எழுவதற்குள் பாலை முகர்ந்து, திரிந்ததைக் கொட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவன் போலப் படுத்துக்கொள்வான். இது வெளியே தெரிந்தால் தெருவில் அவனுக்கு இருக்கிற கெட்ட பெயர் கெட்டுவிடும்.

மூன்றாவது மாதத்தில் வாலுவுக்கு ஜலதோஷம் பிடித்தது. இரண்டு துவாரமும் சிமெண்ட் பூசியது போல அடைத்துக்கொண்டன. சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தை, "சரி விடு, நாளைக்குப் பார்க்கலாம்" என்பாள். அந்த 'நாளைக்கு' எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே மத்தியானமே குளியலறையில் ஒளிந்து உட்கார்ந்து, அன்றைய வாசனைகளை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, மாலையில் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று ரகசியமாகப் படித்தான். முதல் நாள் தப்பித்தான். இரண்டாம் நாளும் தப்பித்தான். அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துத்தான் உட்காருவாள் என்பதால் வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் எழுத்தாளர் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிட்டார்.

"...இப்ப வெங்காயம் மெல்லத் தேன் நிறத்துக்கு வருது. பேக்கரிக்காரன் அதிகாலையில கதவைத் திறந்து வச்ச மாதிரி ஒரு வாசனை. பக்கத்துல யாரோ சர்க்கரையை உருக்குறாங்க..."

அத்தை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ ஒன்று உறுத்தியது. எங்கே என்று தெரியவில்லை. தொண்டையிலா, நெற்றிக்குள்ளா? பழைய சட்டையின் காலர் கழுத்தில் உரசுவது போல, கசப்பாக, மெல்லிசாக ஓர் இழை. அசையாமல் உட்கார்ந்தாள். மூச்சை நிறுத்தினாள். இழை நின்றது. மூச்சை இழுத்தாள். இழை வந்தது.

"திரும்பச் சொல்லு" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"பேக்கரி வாசனை, அத்தை. அருமையா வருது."

"சர்க்கரை?"

"சர்க்கரையும்தான். ஆகா, ஆகா!"

"அடுப்பை அணை."

"ஏன் அத்தை? இன்னும் பத்து நிமிஷம்..."

"கருகிடுச்சுடா!"

வாலு திரும்பினான். சட்டியிலிருந்து கரும்புகை எழுந்து, கூரையில் முட்டி, வழி தேடிக்கொண்டிருந்தது. குறைக்க மறந்த தீயில் வெங்காயம் கரித்துண்டாகச் சுருண்டு கிடந்தது. அடுத்த அறையில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

அத்தை முக்காலியைத் தள்ளிவிட்டு வந்தாள். அவனை ஒதுக்கிவிட்டு அடுப்பை அணைத்தாள். அந்தக் கரிச் சட்டியின்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, தேன் நிற வெங்காயத்துக்குக்கூட இழுக்காத ஒரு மூச்சை இழுத்தாள். இருமினாள். மறுபடி இழுத்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து சட்டியில் சொட்டிச் சுர்ரென்றது. துடைக்கவில்லை.

பிறகு தலையை நிமிர்த்தி, அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்த நோட்டை ஒரு கையாலும், அவன் காதை மறு கையாலும் பிடித்தாள்.

"எத்தனை நாளாடா உன் மூக்கு அடைச்சிருக்கு?"